மைக்கை நீட்டினால் கேள்வி கேட்டதாகிவிடாது

"தமிழ்நாட்டில் நடிகர்கள் எல்லோரும் நேராகக் கோட்டைக்குப் போக ஆசைப்படுவதற்குக் காரணமே ஊடகங்கள்தானே? ஒரு வருடம் நீங்கள் யாரும் அவர்களைக் காட்டாமல் இருந்தால் இந்தக் கூத்து தானாக நின்றுவிடாதா?" இதுதான் கேள்வி. கேட்டவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். இருபத்தேழு வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன் என்பதால் அந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கேள்வியில் பாதிதான் சரி என்று நினைக்கிறேன்.

நடிகர்களை நாங்கள் தலைவர்களாக்கவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்கு சாமர்த்தியம் கிடையாது. நாங்கள் செய்த தப்பு வேறு. ஒரு நடிகரிடம் கேள்வி கேட்காமல் இருப்பதை மரியாதை என்று பழக்கிவிட்டோம். அவர் அரசியலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை.

இதற்கு வேர் ரொம்பப் பழையது. 1942-ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் அண்ணா 'திராவிட நாடு' இதழைத் தொடங்குகிறார், கருணாநிதி திருவாரூரில் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகக் கொண்டுவருகிறார், சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்குகிறார். முதல் இருவரும் சினிமாவுக்கு வசனம் எழுதினார்கள், முதலமைச்சர் ஆனார்கள். மூன்றாமவர் நாம் தமிழர் இயக்கம் கண்டு, 1967-ல் சட்டப்பேரவைத் தலைவரானார். அதற்கும் முன்பே, 1928-ல் 'ஆனந்த விகடன்' எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்துவிட்டது. பின்னால் ஜெமினி ஸ்டூடியோவை நடத்தியவரும் அவரேதான். ஆக, பத்திரிகை, சினிமா, அரசியல் என்று மூன்று தனித்தனி வீடுகள் இங்கே இருந்ததே இல்லை. ஒரே வீடு, மூன்று அறை. "ஊடகம் சினிமாவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டது" என்று இன்று யாராவது வருத்தப்பட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மூக்கு பிறந்ததே அங்கேதான்.

அந்த வீட்டுக்குள் நடந்த ஒரு கொலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது.

லட்சுமிகாந்தன் என்று ஒருவர். 1943-ல் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைதான் அதன் சரக்கு. எழுதாமல் இருக்கக் காசு வாங்குகிறார் என்ற புகாரும் இருந்தது. அன்றைய உச்ச நட்சத்திரம் தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் இன்னும் சிலரும் சென்னை மாகாண ஆளுநரிடம் மனு கொடுத்து, அந்தப் பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். மனிதர் அசரவில்லை, 'இந்து நேசன்' என்று வேறொரு பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலை ஆனார்கள். கிருஷ்ணன் மறுபடி எழுந்தார். பாகவதர் எழவே இல்லை. மூன்று தீபாவளி பார்த்த படத்தின் நாயகன் 1959-ல் ஓய்ந்துபோய் இறந்தார்.

இதைச் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் பாகவதரின் வீழ்ச்சியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு எங்கள் தொழிலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான். சினிமாக்காரர்களைப் பற்றி எழுத இரண்டே வழிகள்தான் நின்றன. ஒன்று, பஜனை. இன்னொன்று, பெயர் போடாத கிசுகிசு: "மூன்றெழுத்து நடிகை", "உச்ச நடிகர்", "அந்த இயக்குநரின் தோட்டத்து வீடு". இரண்டுக்கும் நடுவில், உங்கள் சம்பளம் எவ்வளவு, அதில் கணக்கில் வந்தது எவ்வளவு, உங்கள் படப்பிடிப்பில் விழுந்து செத்த தொழிலாளியின் குடும்பத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று நேருக்கு நேர், பெயர் போட்டுக் கேட்கிற ஒரு எழுத்து வளர்ந்திருக்க வேண்டும். அது வளரவில்லை.

அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தவர் பி.ஆர்.ஓ., அதாவது படத்துக்கும் நடிகருக்கும் விளம்பரம் பார்க்கும் மக்கள் தொடர்பாளர். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். அவர் அந்த வேலையைத் தொடங்கியது 1958-ல், எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்ன'னில். ஆனந்தன் பெரிய ஆவணக்காரர், அவர் சேர்த்துவைத்த படங்களும் பட்டியல்களும் இல்லாவிட்டால் தமிழ் சினிமா வரலாறு பாதி காணாமல் போயிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஏற்பாடு வளர்ந்த விதத்தைத்தான் சொல்கிறேன். இன்று ஒரு பெரிய நடிகரைப் பேட்டி எடுக்கப் போனால், என்ன கேட்கக் கூடாது என்ற பட்டியல் முதலில் வரும். அரசியல் கூடாது, வருமான வரி கூடாது, போன படம் ஓடாதது கூடாது. மீறினால் சத்தம் போட மாட்டார்கள். அடுத்த படத்தின் பிரஸ் ஷோவுக்கு உங்களுக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான். எனக்கு அப்படி இரண்டு வருடம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. ஆனால் சினிமாப் பக்கத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

சரி, எம்.ஜி.ஆருக்கு வருவோம். அவரை ஊடகம் உருவாக்கியதா? 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த எம்.ஜி.ஆர். படம் அடுத்த மாதம் நடந்த தேர்தலில் ஊர் ஊராகச் சுவரில் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் அவர் தொகுதிக்கே போகாமல் ஜெயித்தார். 1984-ல் நியூயார்க் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தபோதும் இதே கதைதான். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்டும் வீடியோ தமிழ்நாடெங்கும் ஓடியது, ஆண்டிப்பட்டிக்குக் காலடி எடுத்துவைக்காமலே வென்றார். இரண்டு தடவையும் படத்தை ஒட்டியதும் வீடியோவை ஓட்டியதும் கட்சிதான். பத்திரிகைகள் பின்னால் ஓடின.

அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டது எதற்கு என்று பாருங்கள். 1972 அக்டோபரில் பொதுக்கூட்ட மேடையில் கட்சிக்காரர்களிடம் கணக்கு கேட்டதற்கு! கேள்வி கேட்டே கட்சி ஆரம்பித்தவர். அவர் முதல்வராக இருந்த 1987-ல், விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவைத் தலைவர் மூன்று மாதச் சிறைத்தண்டனை கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் வெளியே விட்டார்கள். பின்னர் உயர் நீதிமன்றத்தில் அவர் வழக்கு போட்டு வென்றார். எந்தக் கட்சி, எந்த நடிகர் என்று பிரித்துப் பார்க்காதீர்கள். நாற்காலிக்கு முன்னால் ஒரு குணம், நாற்காலிக்குப் பின்னால் ஒரு குணம்.

அப்புறம், ஊடகம் நினைத்தால் நடிகரைத் தலைவராக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சிகள் ஏராளம். சிவாஜியை விடப் பெரிய முகம் எது? 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று கட்சி தொடங்கினார், 1989-ல் திருவையாற்றில் அவரே தோற்றார். ரஜினி 1996-ல் சொன்ன ஒரு வாக்கியம்தான் ஜெயலலிதாவைத் தோற்கடித்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவரே 2004-ல் பா.ம.க.வுக்கு எதிராகக் குரல் கொடுத்தார், பா.ம.க. நின்ற தொகுதிகள் எல்லாவற்றிலும் வென்றது. இந்த இரண்டாவது கதையை டிவியில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், அதில் சுவாரஸ்யம் இல்லையே. கமல்ஹாசன் 2018-ல் கட்சி தொடங்கினார், நடுவில் வார இறுதிகளில் பிக் பாஸ் மேடையும் அவர் கையில் இருந்தது. அதைவிட ஒரு ஊடக வசதி எந்த அரசியல்வாதிக்கும் கிடைத்திருக்காது. 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். மக்கள் டிக்கெட் வேறு, ஓட்டு வேறு என்று நன்றாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். "சினிமா பைத்தியம் பிடித்த ஜனங்கள்" என்று டெல்லியிலிருந்து வருகிற நிருபர்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். இந்த ஊர் வாக்காளரை அவர்கள் ஒரு டீக்கடையில்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

அப்படியானால் ரசிகர் மன்றத்தில் ஏன் இவ்வளவு கூட்டம்? எனக்குத் தெரிந்த விடை இது. இருபத்திரண்டு வயதில், சாதி பலமோ பண பலமோ இல்லாத ஒரு பையன் பெரிய கட்சிக்குள் போனால் கொடி கட்டலாம், நாற்காலி போடலாம். மாவட்டச் செயலாளர் பதவி காலங்காலமாக ஒருவரிடம் இருக்கும், பிறகு அவர் மகனிடம் போகும். அதே பையன் ரசிகர் மன்றத்துக்குப் போனால் ஒன்றியத் தலைவர் ஆகலாம். போஸ்டரில் அவன் பெயரும் படமும் வரும். ரத்ததான முகாம் நடத்துவான், வெள்ளம் வந்தால் சோறு பொங்கிப் போடுவான். பாலாபிஷேகம் செய்கிறவனைத்தான் நாங்கள் படம் பிடிக்கிறோம், சோறு பொங்குகிறவனை விட்டுவிடுகிறோம். கட்சிகள் கதவைச் சாத்தி வைத்திருப்பதால்தான் அவன் தியேட்டர் வாசலில் நிற்கிறான். நடிகருக்கு அந்தக் கூட்டம் கையில் கிடைத்த பிறகு கட்சி ஆசை வருவது இயற்கை. அஜித் மாதிரி 2011-ல் மன்றங்களையே கலைத்துவிட்டு, போய்க் குடும்பத்தைப் பாருங்கள் என்கிற ஆள் அபூர்வம்.

இனி எங்கள் பாவக் கணக்கு.

ரஜினி அரசியலுக்கு வருவாரா என்ற ஒரே கேள்வியை 1996 முதல் 2020 வரை உயிரோடு வைத்திருந்தது நாங்கள். 2017 டிசம்பர் 31-ஆம் தேதி வருகிறேன் என்றார், 2020 டிசம்பர் 29-ஆம் தேதி வரவில்லை என்றார். இடையில் மூன்று வருடம். அதற்கு முன்னால் இருபது வருடம். அவர் இமயமலைக்குப் போனால் செய்தி, திரும்பினால் செய்தி, ஒரு படத்தில் ஒரு வசனம் பேசினால் அன்றிரவு நான்கு பேர் உட்கார்ந்து அதற்குப் பொழிப்புரை. நானும் போயஸ் தோட்டத்து வீட்டு வாசலில் மைக்கோடு நின்றிருக்கிறேன். நின்ற நேரத்தில் அவரிடம் நீர்ப் பங்கீடு பற்றியோ நீட் பற்றியோ என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வந்ததாக ஞாபகம் இல்லை. "எப்போ சார்?" என்பதுதான் கேள்வி. "என்ன செய்வீர்கள்?" என்பது வாயில் வரவில்லை. அவர் வராமல் போனதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன், உடம்பு முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இருபத்து நான்கு வருட அச்சையும் ஒளிபரப்பு நேரத்தையும் வீணாக்கியதற்கு நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிர் விஜயகாந்த். 2005-ல் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார், 2006-ல் யாரோடும் சேராமல் நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார், விருத்தாசலத்தில் தானும் வென்றார். 2011-ல் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. எங்கே மைக் நீட்டினாலும் நின்று பேசுவார். எழுதிக் கொடுத்ததைப் படிக்க மாட்டார். கோபப்படுவார், உளறுவார், நாக்கைத் துருத்துவார். உடல்நலம் கெட்டுப் பேச்சு குழறத் தொடங்கியபோது அதைக் குடிபோதை என்று சிரித்தோம். அந்தத் துண்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டோம், மீம் ஆனது, 2015 டிசம்பரில் நிருபர்களைப் பார்த்துக் காறித் துப்பியபோது எல்லோரும் கொதித்தோம். துப்பியது தப்புதான். அதற்கு முந்தைய நான்கு வருடம் நாங்கள் செய்தது என்ன என்று அன்று ஒரு சேனலும் பேசவில்லை. 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போனது. 2023 டிசம்பர் 28-ஆம் தேதி இறந்தார். அன்று அதே சேனல்கள் நாள் முழுக்க சோக இசை போட்டு, அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்ட கதையைச் சொல்லின. எனக்கு டிவியை அணைக்கத் தோன்றியது. அணைக்கவில்லை, தொழில்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த தலைமுறை நடிகர் என்ன பாடம் படிப்பார்? மைக் முன்னால் நின்றால் மீம், நிற்காவிட்டால் மர்மம். ஆகவே பேசாதே, மேடையில் எழுதி வைத்ததை மட்டும் பேசு, இசை வெளியீட்டு விழாவில் ஒரு குட்டிக்கதை சொல்லிவிட்டுப் போ, மீதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள். விஜய் 2024 பிப்ரவரியில் கட்சியை அறிவித்த பிறகும் நீண்ட காலம் பத்திரிகையாளர் சந்திப்பு என்று ஒன்று நடத்தவில்லை. அவருடைய அரசியலை எடைபோடுவது இங்கே என் வேலை இல்லை. அந்த மௌனம் அவருக்கு நஷ்டமாக இல்லாமல் போனது எப்படி என்பதுதான் என் அக்கறை. அது எங்களால்தான்.

நடிகராக இருக்கும்வரை ஒருவர் பேசாமல் இருப்பது அவர் உரிமை. படம் பிடித்தால் பார்ப்போம், அவ்வளவுதான் நமக்கும் அவருக்கும். கட்சிக் கொடியை ஏற்றிய நிமிடத்திலிருந்து அந்த உரிமை அவருக்குக் கிடையாது. இந்த எல்லைக்கோட்டை நாங்கள் போடவே இல்லை. ஜெயலலிதாவிடமும் போடவில்லை. 2016-ல் அவர் மருத்துவமனையில் இருந்த 75 நாளும் சென்னையின் பாதி நிருபர்கள் அந்த வாசலில்தான் கிடந்தோம். முதலமைச்சரின் ஒரு படம்கூட வெளியே வரவில்லை. இட்லி சாப்பிட்டார் என்றார்கள், எழுதினோம். டிசம்பர் 5-ஆம் தேதி மாலையில் சில சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகப் போட, கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கி, மறுப்பு வந்ததும் மறுபடி ஏறியது. மரண அறிவிப்பு நள்ளிரவை ஒட்டி வந்தது. அந்த ஒரு மாலை போதும், எங்கள் தொழில் எவ்வளவு காலியாக நின்றது என்று புரிய. தெரியாது என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கருணாநிதி இந்த விஷயத்தில் தனி ரகம். அவரே பத்திரிகைக்காரர். கேள்விக்குப் பயப்பட மாட்டார், கேட்டவனை வார்த்தையால் மடக்கி, எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் எழுந்துவிடுவார். வெளியே வந்து குறிப்பேட்டைப் பார்த்தால் ஒரு சிலேடை இருக்கும், செய்தி இருக்காது. ஆனாலும் கேட்க ஒரு நாற்காலி போட்டிருந்தார்.

பயமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2011 முதல் 2016 வரை தமிழ்நாடு அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வந்தது, அதில் 55 ஊடகங்கள் மீது. 2007 மே மாதம் ஒரு கருத்துக்கணிப்பைப் போட்டதற்காக மதுரை தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டு மூன்று பேர் செத்தார்கள். கருணாநிதி குடும்பத்துக்கும் தினகரன், சன் டிவி நடத்திய மாறன் சகோதரர்களுக்கும் இடையே வந்த அந்தப் பிளவில்தான் அதே வருடம் செப்டம்பரில் கலைஞர் டிவி பிறந்தது. சன் டிவி 1993, ஜெயா டிவி 1999, பிறகு மக்கள், கேப்டன், வசந்த் என்று கட்சிக்கொரு சேனல். இவற்றில் பலவற்றுக்குப் படத் தயாரிப்பாளரும் வேண்டும், தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிக்கு நடிகரின் கால்ஷீட்டும் வேண்டும். 2008-ல் உதயநிதியின் ரெட் ஜெயண்ட் மூவீஸ் தயாரித்த முதல் படத்தின் நாயகன் யார் தெரியுமா? விஜய். இந்த ஊர் அப்படி. ஒருவர் படத்தை இன்னொருவர் வாங்கி, மூன்றாமவர் சேனலில் போட்டு, நான்காமவர் மேடையில் திட்டுவார்.

அதிகாரத்தில் இருப்பவர்களும் நடிகர்களைச் சும்மா விட்டதில்லை. 2010 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதிக்குத் திரையுலகம் எடுத்த பாராட்டு விழாவில் அஜித் எழுந்து, இப்படிப்பட்ட விழாக்களுக்கு நடிகர்களைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கிறார்கள் என்று முதல்வர் முன்னாலேயே சொன்னார். ரஜினி எழுந்து நின்று கை தட்டினார். எங்களில் பலர் மறுநாள் அதை "சர்ச்சை" என்று எழுதினோம். கட்டாயப்படுத்தியது யார் என்று விசாரித்து எழுதியவர்கள் குறைவு. உண்மையான செய்தி கண் முன்னால் மேடையேறி வந்து நின்றபோதும் அதற்குச் "சர்ச்சை" என்று பெயர் சூட்டித் தள்ளிவிடுவது எங்கள் கை வந்த கலை.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குக் கேள்வி கேட்கும் துணிச்சல் பொங்கி வழியும்: எதிரில் இருப்பவர் நடிகையாக இருந்தால். 2025 நவம்பரில் சென்னையில் ஒரு பட நிகழ்ச்சியில் கௌரி கிஷனின் எடை பற்றிக் கேள்வி வந்த விவகாரம் ஞாபகம் இருக்கும். அவர் நேருக்கு நேர் எதிர்த்தார். கதாநாயகனிடம் கணக்கு கேட்க நடுங்குகிற வாய், கதாநாயகி எத்தனை கிலோ என்று கேட்கிறது. குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் கட்டியதைக் கொண்டாடி எழுதிய அதே ஊடகம்தான், 2005-ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் சொன்ன கருத்துக்காக ஊர் ஊராக வழக்குகள் குவிந்தபோதும் கொண்டாடியது. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010-ல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தூக்கிப் போட்டது.

எது கேட்கலாம், எது கூடாது என்பதில் குழப்பம் இருப்பதாக இளைய நிருபர்கள் சொல்வார்கள். பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. அதைத் தெளிவாக்கிய தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் எழுதாதே. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். பதவியில் இருப்பவர் தன் பதவி சார்ந்த வேலையைப் பற்றி எழுதுவதை அந்தரங்கம் என்று சொல்லித் தடுக்க முடியாது. அச்சுக்குப் போகும் முன்பே அரசு தடை போடவும் முடியாது. நாங்கள் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். படுக்கையறைக்குள் போகிறோம், பதவியறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறோம்.

யூடியூப் வந்தால் மாறும் என்று நம்பினேன். முதலாளி இல்லை, கட்சி இல்லை, ஒரு செல்போன் போதுமே. கொஞ்சம் மாறியது, அதையும் சொல்ல வேண்டும். முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் ரசிகன் சொல்கிற விமர்சனத்துக்குத் தயாரிப்பாளர்கள் நடுங்குகிறார்கள், 2024-ல் யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்கும் அளவுக்குப் போனார்கள். பி.ஆர்.ஓ.வால் கட்டுப்படுத்த முடியாத முதல் குரல் அதுதான். ஆனால் அரசியலில் யூடியூப் செய்தது வேறு. கட்சிக்கொரு சேனல் இருந்த ஊரில் ஆளுக்கொரு சேனல் வந்தது. முன்பு லட்சுமிகாந்தன் ஒருவர். இப்போது தெருவுக்கொருவர், அட்டைப் படத்தில் சிவப்பு வட்டத்தோடு.

கரூரைப் பற்றிக் கேட்காமலே இருந்திருக்கிறீர்கள், ஆனாலும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி விஜய்யின் பிரச்சாரக் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்தார்கள். யார் பொறுப்பு என்பதை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சி.பி.ஐ. விசாரணைக்கு எடுத்தது, அதற்குள் நான் போகவில்லை. அன்று பகல் முழுக்கச் சேனல்கள் அந்த வண்டியின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தன. வண்டி எங்கே வருகிறது, எவ்வளவு கூட்டம் என்பதே நேரலை. மேலிருந்து எடுத்த காட்சியில் தலைகள் கடல் மாதிரித் தெரியும், அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அறிவித்த நேரத்துக்குப் பல மணி நேரம் கழித்துத்தான் அவர் வந்தார். அதுவரை வெயிலில் நின்ற ஜனங்களுக்குத் தண்ணீர் உண்டா, வெளியேற வழி உண்டா என்று ஒரு கேமரா கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம். கூட்டத்தை எண்ணத்தான் எங்களுக்குத் தெரிகிறது. சாயங்காலம் வரை தொகுப்பாளர்கள் எண்ணிக்கொண்டிருந்தது தலைகளை, இரவில் எண்ணியது உடல்களை.

ஆகவே, ஒரு வருடம் காட்டாமல் இருங்கள் என்ற உங்கள் யோசனைக்கு என் பதில்: அது நடக்காது, நடந்தாலும் பயன் இல்லை. சுவரும் போஸ்டரும் இருந்த காலத்திலேயே எம்.ஜி.ஆர். ஜெயித்தார். இன்று நடிகருக்கு நாங்கள் தேவையே இல்லை, அவர் கையில் ஒரு கோடிப் பேரைத் தொடும் சமூக வலைதளக் கணக்கு இருக்கிறது. காட்டுவதை நிறுத்துவது வீம்பு. எப்படிக் காட்டுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. கட்சி தொடங்கிய நடிகரின் நிகழ்ச்சிக்குச் சினிமா நிருபரை அனுப்பக் கூடாது, பட்ஜெட் படித்துப் பழகிய ஆளை அனுப்ப வேண்டும். கேள்வி கேட்க இடமில்லாத சந்திப்புக்குப் "பேட்டி" என்று பெயர் போடக் கூடாது, "அறிக்கை வாசித்தார்" என்று போடலாம். வேட்புமனுவோடு தாக்கல் செய்கிற சொத்துக் கணக்குப் பிரமாணப் பத்திரத்தை எல்லோருக்கும் வைக்கிற அதே பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். இதற்கு முதலாளி மாற வேண்டியதில்லை, சட்டம் மாற வேண்டியதில்லை. செய்தி ஆசிரியர் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சில மாதம் முன்பு ஒரு நட்சத்திரத் தலைவர் நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வாட்டமாக வந்தாள். "சார், அவங்க கட்சி அறிக்கையில போட்டிருக்கிற திட்டத்துக்குப் பணம் எங்கேருந்து வரும்னு கேட்டேன். சிரிச்சிட்டு வண்டியில ஏறிட்டார். பக்கத்துல இருந்த சீனியர்ஸ் எல்லாம் என்னைத்தான் முறைச்சாங்க. என்ன எழுதுறது, ஒண்ணுமே கிடைக்கலயே?" என்றாள். "நீ கேட்டதை எழுது. அவர் சிரித்துவிட்டு வண்டியில் ஏறியதையும் எழுது" என்றேன். எழுதினாள். ஆறு வரி. மறுநாள் ஏழாம் பக்கத்தில், கீழே இடது மூலையில் வந்தது.